கடைசிப் பத்தியில் ஒரு வரி

பள்ளி வேன் நிற்காமல் போனது.

செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி, பளீரென்ற வெயில். வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். மஞ்சள் வேன் தெருமுனையில் திரும்பியது; எப்போதும் பிரேக் கீச்சிடும் இடத்தில் கீச்சிடாமல், எப்போதும் இரண்டு முறை ஹாரன் அடிக்கும் இடத்தில் அடிக்காமல், புழுதியும் டீசல் வாடையுமாக அவளைத் தாண்டிப் போனது. பின்பக்கக் கண்ணாடியில் சின்னதாய் இரண்டு உள்ளங்கைகள் ஒட்டியிருந்தன.

செருப்பில்லாமல் ஓடினாள். அடுத்த வளைவில்தான் வேன் நின்றது.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்று வேன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா நிக்கிற வாசல். இன்னைக்கு என்னவோ, இந்தத் தெருவுல எறக்க வேண்டிய பிள்ளையே இல்லங்கிற மாதிரி கை பாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுச்சு."

"வயசாகுதுல்ல."

"எனக்கா, வண்டிக்கா?" என்று சிரித்தார். ஆனால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு வியர்க்கிற ஆளில்லை அவர்.

குட்டி இறங்கி வந்தாள். ஒரு காலுறை முழங்காலில், இன்னொன்று கணுக்காலில். ஏழு வயதுப் பெண்ணுக்கு உரிய முழுக் கோபம் முகத்தில் இருந்தது. "நான் கத்துனேம்மா. எங்க வீடு, எங்க வீடுன்னு எவ்ளோ கத்துனேன் தெரியுமா? யாருமே திரும்பிப் பாக்கல."

வீட்டுக்குள் வந்தபோது சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. மூன்று இருபதுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது.

அந்த மின்னஞ்சலுக்காக அவள் ஒன்றரை வருடம் காத்திருந்தாள். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. நான்கு வருடம், கிடைத்த நேரத்தையெல்லாம் கிள்ளிச் சேர்த்து ஒரு நாவல் எழுதியிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. பெரிய பதிப்பகங்கள் எழுதியவரிடமிருந்து நேராக எதையும் வாங்குவதில்லை. இலக்கிய முகவர் ஒருவருக்குப் பிரதி பிடித்துப்போய், அவர் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த முகவர்களுக்கு எழுதும் கடிதமோ ஒரே பக்கம். முதல் பத்தியில் கதை என்ன, இரண்டாவதில் அதை யார் படிப்பார்கள், கடைசிப் பத்தியில் நீ யார். நானூறு பக்கத்தில் சொன்னதை நாற்பது வரியில் பிழிய வேண்டும். முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதியிருந்தாள். இருபது பேர் ஒரே அச்சில் வார்த்த மறுப்பை அனுப்பினார்கள். மற்றவர்களிடமிருந்து அதுவும் இல்லை. 'ஆறு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் விருப்பமில்லை என்று கொள்ளவும்' என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்கிறது, கதவு மட்டும் திறப்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளின் வாசலில் மாதக்கணக்கில் நின்று அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

இணையவழி எழுத்து வகுப்பில் கிடைத்த தோழி ஒருத்தி உண்டு. எந்த முகவர் எப்போது பிரதிகளை ஏற்பார், எத்தனை நாளில் பதில் தருவார் என்று கலர் கலராகக் கட்டம் போட்டு வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவள் 'பட்டியல்'. போன வாரம் பட்டியல்தான் போனில் சிரித்தாள்.

"கதையெல்லாம் சரிடி. கடைசி பத்தியில என்ன எழுதியிருக்க? 'பிழை திருத்துபவர். கணவருடனும் மகளுடனும் வசிக்கிறார்.' எனக்கே கொட்டாவி வருது. பிள்ளைய தொலைச்சவளோட கதைய எழுத நீ யாருன்னு கேக்க மாட்டாங்களா?"

"சொல்ல ஒண்ணும் இல்லையே. எனக்கு அப்படி எதுவும் நடக்கல."

"நல்லவேளை. வாயக் கழுவு."

பொய் எழுது என்று தோழி சொல்லவில்லை. பழியைப் பட்டியல் தலையில் கட்ட வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், இதே மேசையில், இவளாகத்தான் அந்த வரியை அடித்தாள்: 'ஏழு வயதான என் ஒரே மகளை இழந்தேன். இந்த நாவல் அதற்கடுத்த ஆண்டில் எழுதப்பட்டது.' குட்டி பின்னால் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோலின் காரம் கண்ணில் பட்டது.

"என்னம்மா எழுதற?"

"லெட்டர்."

"என்னப் பத்தியா?"

அவள் திரையைப் பாதி சாய்த்தாள். "ஆமா."

"நல்லதா எழுது."

பழக்கதோஷத்தில் வரியை மூன்று முறை படித்துப் பார்த்தாள். பிழை இல்லை. புதிதாகப் பதினொரு முகவர்களுக்கு அனுப்பினாள்.

இப்போது முதல் பதில். 'உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். கடைசிப் பத்தியைப் படித்தபின் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முழுப் பிரதியையும் அனுப்ப முடியுமா?'

அவள் குட்டியைத் தூக்கிச் சுற்றினாள். இருவரும் சமையலறையில் தலைசுற்றும்வரை ஆடினார்கள். எதற்கு என்று குட்டி கேட்கவில்லை. ஆட ஒரு காரணம் வேண்டுமா என்ன. இறக்கிவிடும்போது அவள் கூந்தலில் மூக்கு உரசியது. பென்சில் சீவலும் வெயிலும் கலந்த வாசனை இருக்கும் அங்கே. இன்று அதற்கடியில் வேறொன்று. நெடுநாள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அது.

சாயங்காலம் கணவர் வந்தார். கல்லூரியில் கணக்கு வாத்தியார். "முகவர் கேட்டுட்டாங்களா! இனிமே எழுத்தாளரம்மான்னுதான் கூப்பிடணும். மறுப்பு லெட்டரையெல்லாம் செவுத்துல ஒட்டலாம்னு நெனச்சேன், வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்" என்று கேலி பேசியபடி மேசையில் தட்டு வைத்தார். இரண்டு தட்டு.

"அப்பா, எனக்கு?"

அவர் கொஞ்ச நேரம் தட்டுகளையே பார்த்தார். "ரெண்டுக்கு அப்புறம் மூணுன்னு கூடத் தெரியல. என்ன வாத்தியாரோ நான்" என்று எழுந்து போனார். மூவரும் சிரித்தார்கள்.

வியாழன் காலை பதினொன்று பத்துக்கு இரண்டாவது பதில். 'சொற்களில் அடங்காத துயரம்' என்று தொடங்கியது அது. அவள் அதைப் படித்து முடிக்கவில்லை. பள்ளிக்குப் போன் செய்தாள். வகுப்பு ஆசிரியை எடுத்தார்.

"குட்டி வந்திருக்காளா மிஸ்?"

"இருங்க பாக்கறேன்."

காத்திருந்தாள். நாற்காலி இழுபடும் ஓசை, பிள்ளைகளின் இரைச்சல், யாரோ ஓரமாய் இருமுவது, ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்வது எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டன. ஆசிரியை ஒரு பெயரைக் கூப்பிடுவதும், மறுபடி கூப்பிடுவதும், மூன்றாம் முறை கூப்பிடும்போது அந்தப் பெயர் வாயில் தடுமாறுவதும் கேட்டன.

"இருக்கா" என்றார் ஆசிரியை. குரல் வறண்டிருந்தது. "முதல் பெஞ்சுல. என் கண்ணுக்கு நேராத்தான் இருக்கா. காலையிலேருந்து கையத் தூக்கிட்டே இருந்திருக்கா போல. நான்... எப்படிப் பாக்காமப் போனேன்னு தெரியலங்க."

அதற்குப் பிறகு வீடு மாறத் தொடங்கியது. எதுவும் கூடவில்லை, எல்லாம் குறைந்தது. மூன்றாவது பதில் வந்த வெள்ளியன்று, தலைகால் புரியாமல் அறைக்கு அறை ஓடுகிற குட்டியின் காலடி ஓசை நின்றுபோயிருந்தது. வாய் கத்துகிறது, பாவாடை பறக்கிறது, கால் தரையில் படுகிறது, தரை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. சனிக்கிழமை இரண்டு பதில்கள் சேர்ந்து வந்தன. குளித்துவிட்டு வந்த குட்டி ஈரக்காலோடு கூடத்தைக் கடந்தாள், பின்னாலேயே துணியோடு போனவளுக்குத் துடைக்க ஒரு சொட்டு ஈரம் கிடைக்கவில்லை. தலையணையில் பள்ளம் இல்லை. கணவர் மகளிடம் பேசும்போது, எட்டாத ஊரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்தினார், தனக்கே தெரியாமல்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஒரே ஒரு மின்னஞ்சல் போதும். 'அந்த வரி உண்மையல்ல.' ஞாயிறன்று அதை அடித்தாள்கூட. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. முதல் பதில் எழுதிய முகவர் நாவலை முழுக்கப் படித்துவிட்டார்; திங்கட்கிழமை நாலு மணிக்குப் போனில் பேசுகிறேன் என்றிருந்தார். போனில் பேசுகிறார் என்றால் எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம், பட்டியல் சத்தியம் செய்தாள். நான்கு வருடம். முப்பத்தெட்டுக் கதவுகள். திங்கள் ஒரு நாள் போகட்டும், அவரிடமே நேரில் சொல்வதுபோல் சொல்லிவிடலாம், குரலில் சொன்னால் மன்னிப்பார். ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது.

திங்கள். நாலு மணி. சமையலறையில் மேற்கு வெயில் மேசைவரை நீண்டிருந்தது. குட்டி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

முகவரின் குரல் மெத்தென்று இருந்தது. நாவலைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்; எந்த வரியில் நின்றார், எந்த இடத்தில் பிரதியை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார் என்றெல்லாம் சொன்னார். இப்படி ஒருவர் பேசிக் கேட்பதற்காகத்தான் பிறந்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணு கேக்கலாமா? வேண்டாம்னா விட்டுருங்க. உங்க பொண்ணு... எப்படி?"

இப்போது. சொல். நாக்கு நுனியில்தான் இருக்கிறது.

"காய்ச்சல்" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வாக்கியம் தானாக வந்தது, அதற்கடுத்ததும். மூன்று நாள். இரண்டாம் நாள் விட்டதுபோல் இருந்தது, எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். மூன்றாம் நாள் விடியும்போது உள்ளங்கை முதலில் குளிர்ந்தது. எல்லாம் அவ்வளவு கச்சிதமாக அமைந்து வந்தன, எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டாள். நான்கு வருடத்தில் இதைவிட நன்றாக அவள் ஒரு பத்தியும் எழுதியதில்லை. நன்றாக இருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது. அதனால்தான் நிறுத்த முடியவில்லை.

காகிதத்தில் கிரேயான் தேயும் ஓசை நின்றிருந்தது.

"அம்மா, யாரோட பாப்பா செத்துப்போச்சு?"

"லைன்ல ஏதோ காத்து சத்தம்" என்றார் முகவர்.

அவள் குட்டியைப் பார்த்து உதட்டின்மேல் விரல் வைத்தாள். உஷ்.

குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர்கள் போன் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. நல்ல பிள்ளை.

"இந்தப் புத்தகத்த நான் எடுத்துக்கறேன்" என்றார் முகவர். "உங்க மகளுக்காக."

ஐந்தரைக்குக் கணவர் வந்தார். களைத்த நடை. உள்ளே வந்து, தோளிலிருந்த பையைக் கழற்றி, குட்டி உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்தார். அவள் மடியின் மேலேயே வைத்தார். பையின் கனத்தில் குட்டி ஒருபக்கம் சரிந்து, மெதுவாகக் கீழே நழுவி, மேசைக்கடியில் போய் நின்றுகொண்டாள்.

"அப்பா என்னப் பாக்கலம்மா."

"என்னங்க பண்றீங்க? குட்டி உக்காந்திருக்கா!"

அவர் திரும்பினார். அந்த முகத்தை அவளுக்குத் தெரியாது. கண்ணுக்குக் கீழே கருமை, ஒரே நாளில் வர முடியாத கருமை, ஒரு வருடம் உட்கார்ந்து செதுக்கியதுபோல். அருகே வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"மறுபடியுமா?" என்றார். "கொறஞ்சிருக்குன்னு நெனச்சேனேம்மா. எழுதி முடிச்சா கொறையும்னுதானே சொன்ன."

அவர் இடுப்பைத் தாண்டி அவள் பார்த்தாள். சுவரில் குட்டியின் படம். அதற்கு மாலை போட்டிருக்கவில்லை; ஆனால் சுவரில் அதைச் சுற்றிலும் மங்கிய நிறம், எத்தனையோ மாதமாய் அங்கேயே தொங்குவதுபோல். நேற்று அங்கே படமே இல்லை.

ஆறு மணிக்குள் எழுதிவிட்டாள். குட்டியை மடியில் இருத்தி, இடக்கையால் இறுக்கிக்கொண்டு, வலக்கையால் மட்டும் அடித்தாள். 'நான் பொய் சொன்னேன். என் மகள் உயிரோடு இருக்கிறாள். இப்போது என் தோளில் தலை சாய்த்திருக்கிறாள், அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது. நாவலைத் திரும்பப் பெறுகிறேன். இனி யாருக்கும் எதுவும் அனுப்பமாட்டேன். தயவுசெய்து நம்புங்கள்.' பதினொரு பேருக்கும். அனுப்பு.

அப்புறம் காத்திருந்தாள். இதுவரை காத்திருந்ததெல்லாம் காத்திருப்பே இல்லை. இரவு முழுக்கக் குட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அது பிடிக்குள் மெலிந்துகொண்டே வந்தது. விடியும்போது இரண்டு விரல் போதுமானதாக இருந்தது.

ஏழே காலுக்கு முதல் பதில்.

'உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குப் புரிகிறது. அவள் மூச்சு கழுத்தில் படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் உடைந்து அழுதேன். பிரதியைத் திரும்பப் பெற வேண்டாம். எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்: இந்தக் கடிதத்தையே நாவலின் கடைசி அத்தியாயமாக வைத்தால் என்ன?'

அவள் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"ஸ்கூலுக்கு நேரமாச்சும்மா. தலை பின்னிவிடு."

குட்டி சீருடையோடு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவளின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். முகம் கதவைப் பார்த்து. ஜன்னல் வெயில் இருவர்மீதும் விழுந்தது. ஒரு நிழல்தான் தரையில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சீப்பை எடுத்தாள். முடியை மூன்றாகப் பிரித்தாள். கையில் கனம் இருந்தது. முடி இருந்தது. அது போதும்.

தோள்வரை உள்ள முடி. ஆறு முறை மாற்றிப் போட்டால் பின்னல் முடிந்துவிடும். நான்கு. ஐந்து. ஆறு.

முடியவில்லை. இன்னும் முடி இருந்தது.

கட்டிலில் போன் அதிர்ந்தது.

ஏழு. எட்டு. ஒன்பது.

"இன்னும் முடியலையாம்மா?"

குரல் முழங்காலுக்கு அருகிலிருந்து வரவில்லை. கதவருகிலிருந்து வந்தது.

அவள் நிமிரவில்லை. பின்னலை மட்டும் பார்த்தாள். அது அவள் கையிலிருந்து தரையில் இறங்கி, கம்பளத்தின்மேல் கிடந்து, கதவை நோக்கிப் போயிருந்தது. விறைப்பாக. அந்தப் பக்கம் யாரோ நடந்துகொண்டே இருப்பதுபோல்.

போன் அதிர்ந்தது. பின்னல் ஒரு முழம் நழுவியது. பிடித்துக்கொண்டாள். முடி விரலை அறுத்தது.

கூடத்தில் கணவர் யாரிடமோ தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ரூம்லதான் இருக்கா. காலையிலேருந்து கைய அசைச்சிட்டே இருக்கா. இல்ல, நிறுத்தல. நீங்க வாங்க. சீக்கிரம் வாங்க."

வேன் தெருவில் நிற்காமல் போகும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு. பதின்மூன்று. நிறுத்தினால் போய்விடும். நிறுத்தக்கூடாது. மூன்றாகப் பிரி. மாற்றிப் போடு. இழு.

"அம்மா." வாசலில். "முடியலையா?"

"இருடா கண்ணா. இதோ. இதோ ஆச்சு."

போன் அதிர்ந்தது. உடனே மறுபடியும். எட்டாவதா, ஒன்பதாவதா. எல்லாருமே இரக்கமுள்ளவர்கள். எல்லாருமே பதில் எழுதுகிறார்கள்.

முடி சில்லென்று ஆனது.

"அம்மா."

இப்போது வாசலிலிருந்து இல்லை. தெருவிலிருந்தும் இல்லை. கீழிருந்து. பாதத்துக்கு அடியில், தரைக்கும் அடியில், ஆழத்திலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல்.

"முடியலையாம்மா இன்னும்?"

அவள் மூன்றாகப் பிரித்தாள். மாற்றிப் போட்டாள். பின்னலிடுக்கிலிருந்து ஈரமண் உதிர்ந்து, பொல பொலவென்று அவள் மடியில் விழுந்தது.